‘ரீப்’ என்றால் விலா எலும்பு அல்ல

“உன் வூட்டுக்காரரு எனக்கு வக்கீலா, இல்ல அந்த டேங்க் ஆபரேட்டருக்கு மச்சானா? வந்தன்னிக்கிலேர்ந்து ‘கையெழுத்து போடு, கையெழுத்து போடு’ன்னு ஒரே பாட்டு. சண்டையே போட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு அப்பறம் நான் எதால தண்ணி கேக்கறது, கண்ணாலயா?”

இது விடிந்தும் விடியாமலும் எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. உள்ளே அடுப்பில் பால், குளியலறையில் வக்கீல். நடுவில் நான்.

வக்கீல் தொழில் கோர்ட்டில் நடக்கிறது என்று நினைப்பவர்கள் வக்கீலைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்தில் குடித்தனம் நடத்தியதில்லை. கோர்ட்டில் நடப்பது வாய்தா. தொழில் நடப்பது வக்கீல் வீட்டு முன்னறையில். அதை நடத்துகிறவள், கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டபடியே, “சார் குளிக்கிறார், உட்காருங்க” என்று சொல்லிச் சொல்லிப் பாதி ஆயுளைக் கழித்தவள். டாக்டர் வீட்டிலும், எல்.ஐ.சி. ஏஜென்ட் வீட்டிலும், ஜோசியர் வீட்டிலும் வாழ்க்கைப்பட்டு, ஊரார் கஷ்டத்தையெல்லாம் காபி டம்ளரோடு ஏந்திக்கொண்டு நிற்கும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

நூத்தியேழு

கேட்டைப் பிடித்துக் கத்தியவள் பெயர் விண்ணரசி. கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊர். அந்த ஊருக்கும் வெளியே தள்ளி ஒரு காலனி. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்க, களை எடுக்க, நடவு நட என்று எந்த வேலைக்கும் போகிறவள். ஊருக்கு ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைத் திறந்து மூடும் ஆபரேட்டர் ஏகாம்பரம். ஊர்த்தெருக் குழாய்களில் தண்ணீர் பிடித்து முடித்து, வாசலுக்கு வாரி இறைத்து, மாட்டையும் கழுவின பிறகுதான் காலனி வால்வு திறக்கும். அதற்குள் தொட்டி காலி. காலனிக் குழாயில் ‘புஸ்’ என்று காற்று வரும். தினமும் காலையில் தொட்டிக்குக் கீழே போய் நின்று ஏகாம்பரத்தோடு சண்டை போடுவது விண்ணரசியின் வழக்கம். பல் துலக்குவது மாதிரி. பல வருஷமாக அப்படித்தான்.

இந்தக் கோடையில் ஒருநாள் பொறுக்க முடியாமல், அவர் கையிலிருந்த வால்வு சாவியைப் பிடுங்கித் தானே திறந்துவிட்டாள். சாவி என்றால் பீரோ சாவி இல்லை. இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி. ஊர் கூடிவிட்டது, தள்ளுமுள்ளு. காலனிப் பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. அவள் மேலும் அவர் மேலும் ‘அமைதிக்குப் பங்கம்’ என்று எழுதி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிவிட்டது. அதாவது, அதிகாரி முன்னால் போய் நின்று, ஒரு வருஷத்துக்கு எந்தச் சண்டை சச்சரவுக்கும் போக மாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் உள்ளே. சட்டத்துக்குப் புதுப் பெயரும் புது நம்பரும் வந்துவிட்டன. எங்கள் முன்னறையில் அது இன்னும் பழைய பிரிவு நம்பர்படி ‘நூத்தியேழு’தான். “கையெழுத்துப் போட்டுட்டுப் போனா அஞ்சு நிமிஷ வேலை” என்றார் என் வீட்டுக்காரர். “சாவியால அடிக்க ஓங்கினியாமே?” என்றேன் நான்.

“புடுங்குனேன் வக்கீலம்மா. ஓங்கல. ஓங்கியிருந்தா அவன் குந்திக்கினு கம்ப்ளைன்ட் எழுதியிருப்பானா?”

எந்தக் கோர்ட்டு?

எங்கள் குமாஸ்தா தேவராஜ், கேள்வி கேட்டால் பதில் எழுதுவார். பதில் என்னவென்று யோசிக்க மாட்டார். அதற்கு வேறு ஆள் இருக்கிறார் என்பது அவர் கொள்கை. விண்ணரசியை உட்கார வைத்து விவரம் வாங்கினார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“உனக்கும் எதிர்த்தரப்புக்கும் முன்னாடியே ஏதாவது வழக்கு உண்டா?” “உண்டே. தெனம் உண்டு.” தேவராஜ் பேனா நின்றது. “தெனமா? எந்தக் கோர்ட்டு?” “கோர்ட்டு எதுக்கு? டேங்குக்குக் கீழதான்.” “வழக்கு நம்பர் இருக்கா?” “அவன் நம்பரா? இருக்குதே, போன் போடட்டா?” தேவராஜ் என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். சிரித்தால் தண்டு கலந்துவிடும். அவர் ‘தினசரி வழக்கு உண்டு’ என்று எழுதியே விட்டார்.

அவள் ஊர்ப்பக்கம் வழக்கு என்றால் வாய்ச்சண்டை. மாமியாரோடு வழக்கு, கண்டக்டரோடு வழக்கு, தராசை அமுக்குகிற கடைக்காரனோடு வழக்கு. அப்படியில்லை, வழக்கு என்றால் கோர்ட்டில் போடுவது, அதற்கு நம்பர் உண்டு, வாய்தா உண்டு என்று தேவராஜ் அவளுக்குப் பாடம் நடத்தினார். பொறுமையாகக் கேட்டாள். எனக்கே அவ்வளவு பொறுமை கிடையாது.

“வாயத் தொறந்து நாயம் கேக்கறதுக்குப் பேரு வழக்கு சார். அத்த நீங்க எழுதி, நம்பர் குத்தி, பீரோவுல வெச்சிக்கினா உங்களுதா ஆயிடுமா?”

மே மாச நோட்டீஸ்

இடையில் ஒரு சின்னக் கதை. இந்த முன்னறையின் குணம் உங்களுக்குத் தெரிய வேண்டும். பனமலையிலிருந்து ஒரு அண்ணன் தம்பி. பாகப் பிரிவினை. விழுப்புரம் கோர்ட்டில் நடக்கிறது. தம்பி எங்கள் கட்சிக்காரர். வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் மனுவிலும் எதிர் மனுவிலும் பேசிக்கொள்வார்கள். ‘என் தாயாரை நான்தான் பார்த்துக்கொண்டேன்’, ‘இல்லை, நான்தான்’, ‘சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனவர் இன்று இப்படிச் செய்கிறார்’. டைப் அடித்து, முத்திரை வைத்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். அந்தத் தோள் சமாசாரம் எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது என்று என் வீட்டுக்காரர் எரிச்சலோடு கேட்டிருக்கிறார்.

மே மாசம் கோர்ட் விடுமுறை. ஒரு மத்தியானம் தம்பி மட்டும் வந்து, செருப்பை வெளியே விட்டு, தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். என்ன அவசரம் என்றேன்.

“லீவுல அண்ணனுக்கு ஒரு நோட்டீஸாவது வுட முடியுமாம்மா? ஒரு மாசமாப் பேச்சே இல்லாம இருக்குது.”

இம்போசிஷன்

நான் விழுப்புரத்தில் கான்வென்டில் படித்தவள். அங்கே பெண் குழந்தைகள் சண்டை போடக் கூடாது. போட்டால் இம்போசிஷன்: ‘இனி நான் சண்டை போட மாட்டேன்’ என்று இங்கிலீஷில், கோடு போட்ட நோட்டு நிறைய, கை ஒடிய. யார் முதலில் அடித்தார்கள், யார் பென்சிலை யார் எடுத்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. சத்தம் கேட்டால் இரண்டு பேருக்கும் நோட்டு. அந்தப் பழக்கத்தால் இன்றைக்கும் நான் குரலை உயர்த்துவதில்லை. தாழ்ந்த குரலிலேயே எதிராளிக்கு ரத்தக் கொதிப்பு வரவழைத்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது வேறு.

விண்ணரசி கேட்டில் கத்திய அன்று அவளை உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, தணிவாகப் பேச வேண்டும் என்பதற்காக இந்தக் கதையைச் சொன்னேன். நான் எழுதவில்லையா, எனக்கு என்ன குறைந்துவிட்டது, நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயேன் என்கிற அர்த்தத்தில். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பரிதாபமாக.

“அட பாவமே! அப்ப உனக்குச் சின்ன புள்ளையிலயே நூத்தியேழு போட்டுட்டாங்களா?”

கரும்பலகையில் மூன்று எழுத்து

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் மாதா கோயிலில் பெண்களுக்கு வேத வகுப்பு. புதுப் பங்குச் சாமியார் வெளிநாட்டில் எபிரேயம் படித்துவிட்டு வந்தவர். படித்ததை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும், நாங்கள் அகப்பட்டோம். அன்றைய பாடம், பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மோசேயைப் பிடித்துக்கொண்ட கதை. ‘எங்களுக்குத் தண்ணீர் கொடு’ என்று அவரோடு மல்லுக்கு நின்றார்கள். பாறையைத் தட்டினார், தண்ணீர் வந்தது. ஆனால் அந்த இடத்துக்கே ‘சண்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்.

“அந்தச் சண்டைக்கு மூல பாஷையில ஒரு வார்த்தை இருக்கு” என்று சாமியார் உற்சாகமாகக் கரும்பலகைக்குப் போனார். எபிரேய எழுத்து எங்களுக்குத் தெரியாதே என்று இரக்கப்பட்டு இங்கிலீஷில் R, I, B என்று எழுதினார். “ரீப். கடைசி எழுத்தை மெதுவாச் சொல்லணும், ரீவ் மாதிரி.” அவர் திரும்புவதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோஸ்பின் அந்த மூன்றெழுத்தை இங்கிலீஷாகவே படித்துவிட்டாள். அவளும் கான்வென்ட்தான். ‘ரிப்’, விலா எலும்பு! கை தூக்கினாள்.

“அப்ப ஆண்டவர் ஏவாளைச் செஞ்சது எலும்புலயிருந்து இல்லையா சாமி, சண்டையிலயிருந்தா? எங்க வீட்டுக்காரர் கேட்டா முழங்கால் போட்டு ஆமென் சொல்வார்.”

திட்டும் தண்ணியும்

சிரிப்பு அடங்கினதும் சாமியார் விட்ட இடத்தில் பிடித்தார். அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேலை இருக்கிறதாம். ஒன்று, வாய்ச்சண்டை: மேய்ப்பர்கள் கிணற்றுக்காகப் போடுவது, ஜனங்கள் தலைவரோடு போடுவது. இரண்டு, ஊர் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் போய் நின்று நியாயம் கேட்பது, அதாவது கோர்ட் வழக்கு. கடவுளே ஜனங்கள் மேல் அப்படி வழக்குப் போடுவதாகத் தீர்க்கதரிசிகள் பேசுகிறார்களாம். மூன்று, இன்னொருவருக்காகப் பரிந்து வாதாடுவது, விதவைக்காக, அநாதைக்காக. ஒருவனோடு மோதுவதற்கும் ஒருவனுக்காக மோதுவதற்கும் அதே சொல். யாரோடு, யாருக்காக என்பது பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் தெரியும். “தமிழ்ல இதுக்கு ஒரே வார்த்தை கிடைக்கல. மொழிபெயர்க்கறவங்க ஒரு இடத்துல வாக்குவாதம்னு போடறாங்க, ஒரு இடத்துல சண்டை, ஒரு இடத்துல வழக்கு” என்று வருத்தப்பட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “கிடைக்குது சாமி. கூட்டேரிப்பட்டுல கிடைக்குது” என்றேன். விண்ணரசியையும் தேவராஜையும் சொன்னேன். சாமியார் ‘வழக்கு, வழக்கு’ என்று இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, கரும்பலகையில் ரீப்புக்கு நேராக எழுதிக் கீழே கோடு போட்டார். தங்கம் கண்டெடுத்தவர் முகம் மாதிரி இருந்தது.

மறுநாள் விண்ணரசி வந்தபோது பாலைவனக் கதையைச் சொன்னேன். தண்ணீர் கேட்டுச் சண்டை போட்டவர்களுக்குத் திட்டுதான் விழுந்தது, அந்த இடத்துக்கே கெட்ட பேர் வந்துவிட்டது என்று கொஞ்சம் பயமும் காட்டினேன். “பேரு எது வேணா வெக்கட்டும். தண்ணி வந்துச்சா, இல்லியா?” என்றாள். வந்தது, பாறையிலிருந்து, என்றேன்.

“அப்ப அந்தப் பொம்பளைங்க யாரும் பத்திரத்துல கையெழுத்து போடல. போட்டிருந்தா வந்திருக்காது.”

வம்பு வழக்கு

ஆர்.டி.ஓ. முன்னால் ஆஜராகும் நாள். “வக்கீலம்மாவும் வரணும்” என்று விண்ணரசி அடம் பிடித்ததால், மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் நானும் போனேன். எதிரே ஏகாம்பரம், தனியாக, காக்கிச் சட்டையில், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். ஊர்த்தெரு ஆட்கள் ஒருத்தரும் அவரோடு வரவில்லை. வெளியே மர நிழலில் தேவராஜ் பத்திரத்தை உரக்கப் படித்தார். என் வீட்டுக்காரர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதே பத்திரம்தான். பெயரை மட்டும் மாற்றுவார்கள். “...யாரையும் தாக்காமலும், பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்காமலும், எவ்விதமான வம்பு வழக்குகளுக்கும் போகாமலும்...”

“நிறுத்து” என்றாள் விண்ணரசி. “அடிக்க மாட்டேன், எழுதிக்கோ. அமைதியா இருப்பேன், எழுதிக்கோ. கடைசியில இன்னா படிச்ச?” “வம்பு வழக்கு.” “அதுதான் ஆவாது. வம்ப வெச்சிக்கோங்க. வழக்க எடுங்க.” அது ஒரு சேர்ந்த வார்த்தை அம்மா, பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்வது, அதற்கெல்லாம் தனி அர்த்தம் இல்லை என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். “உங்களுக்கு இல்ல சார். எனக்கு இருக்குது. வம்பு வேற, வழக்கு வேற. வம்புன்னா இல்லாதத இழுக்கறது. வழக்குன்னா இருக்கறதக் கேக்கறது.” கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள் உள்ளே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். கையெழுத்து இல்லையென்றால் விசாரணை, வாய்தா, கூலி வேலையை விட்டுவிட்டு நடையாய் நடக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். அசையவில்லை.

என் வீட்டுக்காரர் பத்திரத்தை வாங்கி மறுபடி படித்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். முப்பது வருஷத்தில் நான் பார்த்து ரசித்த சில நல்ல காட்சிகளில் அது ஒன்று. “வழக்குக்குப் போக மாட்டேன்னு யாரையும் எழுதி வாங்க முடியாதே. கோர்ட்டுக்குப் போறது அவங்க உரிமையாச்சே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். உள்ளே அதிகாரி அடித்தலைப் பார்த்துவிட்டு ஏன் என்றார். “கட்சிக்காரர் அடிதடிக்குப் போக மாட்டாங்க. கேக்கறதை மட்டும் நிறுத்த மாட்டாங்க” என்றார் இவர். அதிகாரி ஒரு நிமிஷம் விண்ணரசியைப் பார்த்தார். சரி என்று அவளிடம் கையெழுத்து வாங்கி முத்திரை வைக்கச் சொன்னார். அடுத்து ஏகாம்பரத்தின் பத்திரம். அதுவும் அதே வாசகம். கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

“எனக்கும் அந்த வழக்க எடுத்துடுங்க சார். அவ வந்து கேக்கறப்ப நான் பதில் சொல்ல வாணாமா?”

பாட்டில்

அடிக்காமல், ஓங்காமல், அமைதியாகத் தண்ணீர் கேட்பதற்கு ஒரே வழி, திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது. ஆனால் பத்திரம் கழுத்தில் தொங்குகிறது. பக்கத்தில் யாராவது நின்று, இவள் சத்தம் போடவில்லை என்று சாட்சி சொன்னால் நல்லது. என் வீட்டுக்காரருக்கு அன்று கோர்ட். வேத வகுப்பில் கேட்டேன். ரீப்புக்கு மூன்று அர்த்தம் ஒப்பிக்கும் எல்லோருக்கும் திங்கட்கிழமை வேலை இருந்தது. நானே பஸ் ஏறினேன். வழி நெடுக விண்ணரசி மெதுவாகப் பேசிப் பழகினாள். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

வாசலில் போலீஸ் பைகளைச் சோதித்துத்தான் விடுவார்கள். விரக்தியில் யாரும் மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடக் கூடாது என்று. விண்ணரசி பையில் ஒரு பாட்டில். காலனிக் குழாயில் காற்றுக்குப் பிறகு கடைசியாகச் சொட்டும் தண்ணீர், செம்மண் நிறத்தில். கலெக்டரிடம் காட்டக் கொண்டுவந்தாள். காவலர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் முகர வைத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வாயைத் திறக்கப் போனேன். விண்ணரசி என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, பழகி வைத்திருந்த அந்த மெல்லிய குரலில் சொன்னாள்.

“மண்ணெண்ணெயா இருந்தா வெளக்காவது எரியும் சார். இது எதுக்குமே ஒதவாது, உள்ள வுடுங்க.”

பின் சீட்

விட்டார்கள். மனு போனது, அதிகாரிகள் வந்து தொட்டியையும் குழாயையும் பார்த்தார்கள், கொஞ்ச நாளில் காலனிக்குத் தனிக் குழாயும் தனி வால்வும் வந்தன. அதே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு விண்ணரசி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. “குடி” என்றாள். குடித்தேன். தண்ணீருக்கு ருசி கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது பொய்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் போயிருக்காது. கேட் வாசலில் ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஏகாம்பரம். பின் சீட்டில் விண்ணரசி. நடந்தது இதுதான்: விசாரணை என்று வந்ததும், இத்தனை வருஷமாக ‘எங்க தெருவுக்கு முழுசா வுட்டுட்டு அப்பறம் அந்தப் பக்கம் திற’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். எல்லாம் ஆபரேட்டர் செய்த வேலை என்று பழியை அவர் மேல் போட்டு, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் ஒரு பெயரைக்கூட வெளியே சொல்லவில்லை. செருப்பைக்கூடக் கழற்றத் தோன்றாமல் நின்றார். “இவருக்காக ஒரு வழக்கு போடணும் சார்” என்றாள் விண்ணரசி. தேவராஜ் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை உஷாராக, “எந்த வழக்கு? கோர்ட்டு வழக்கா, டேங்க் வழக்கா?” என்றார். சாமியார் ரீப்புக்குச் சொன்ன மூன்றாவது அர்த்தம், ஒருவனுக்காக மோதுவது, பின் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. யாரிடம் சொல்ல? குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வேறு.

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, இவரோட தினம் சண்டை போட்டது நீ. மனு கொடுத்தது நீ. இப்ப இவருக்காகவும் நீயே வர்றியா?” என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில், இத்தனை படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற ஏளனம் இல்லை. உண்மையான ஆச்சரியம் இருந்தது.

“அவங்கூட வழக்கு போட்டவ நானு. எனக்கில்லாத கோவம் அவங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சி? என்னைக் கேக்காம அவன எப்படி வேலைய வுட்டுத் தூக்கலாம்?”

எங்கள் தெரு

என் வீட்டுக்காரர் பஞ்சாயத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினார். விண்ணரசி காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர்க் கூட்டத்தில் போய், அமைதியாக, ஓங்காமல், எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டாள். ஏகாம்பரம் மறுபடி சாவியோடு போகிறார். தினமும் காலையில் தொட்டிக்கடியில் வழக்கு நடக்கிறதாம், இப்போது எதைப் பற்றி என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, சும்மா, வுட்டுப் போயிடக் கூடாதில்ல” என்றாள்.

இங்கே எங்கள் தெருவில் பாங்கிக்காரர், ரிட்டயர்டு தாசில்தார், இரண்டு டீச்சர், ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல். மரியாதையான தெரு. மண்ணுக்கடியில் குழாய் எங்கோ உடைந்து, ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. ஆளுக்கொரு கேன் வாங்கி அமைதியாகக் குளிக்கிறார்கள். தெரு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: ‘நாளைக் காலையில் முனிசிபாலிட்டிக்குப் போய் நேரில் கேட்போம், யார் வர்றீங்க?’ நீலக் கோடு விழுந்தது. டாக்டர் ஒரு ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் அனுப்பினார். தாசில்தார் கைகூப்பினார்.

ஒரு ஆர்.டி.ஓ.வும் கூப்பிடாமல், ஒரு முத்திரையும் விழாமல், நாங்கள் எல்லோரும் எப்போதோ பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டோம், அதுவும் வம்பை வைத்துக்கொண்டு வழக்கை எடுக்கத் தெரியாமல். மறுபடியும் தட்டினேன்:

“ரோஜாப்பூ வேண்டாம். ஒரே ஒரு ஆள் கூட வாங்க.”